மூன்று மாதத்தில் நீண்டுபோன செயின்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் கடை இருக்கிறது. போன வாரம் என் வண்டியை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தபோது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பாடி வண்டி ஓட்டும் ஒருவர் வந்தார். பழைய பைக் என்ஜினை வைத்துக் கட்டிய மூன்று சக்கரச் சரக்கு வண்டி. வந்தவுடன் புகார்தான்.

“அண்ணே, மூணு மாசம் முன்னாலதான் புச்சா செயின் போட்டேன். அதுக்குள்ள இன்னா இப்டி நீண்டுக்கிச்சு? டூப்ளிகேட் குடுத்துட்டானா?”

மெக்கானிக் செயினைத் தொடவே இல்லை. குனிந்து என்ஜின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். “செயின் நல்ல செயின்தான்பா. பல்லப் பாரு, சொறா முள்ளு மாதிரி சாஞ்சு நிக்குது.”

அந்தப் பதிலுக்குள் செயின் என்ற பொருளின் கதை முழுவதும் இருக்கிறது. பைக், சைக்கிள், மீன்பாடி வண்டி என்று எதை ஓட்டினாலும் வடசென்னையில் நம் பிழைப்பு ஒரு செயினில்தான் ஓடுகிறது. அது எப்படி வேலை செய்கிறது, எதனால் சாகிறது என்று தெரிந்துகொண்டால் வருடத்துக்கு இரண்டு செட் வாங்கும் செலவு மிஞ்சும்.

முதலில் ‘நீண்டுபோச்சு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். செயின் ரப்பர் இல்லை. நாம் ஏற்றும் பாரத்துக்கு அதன் இரும்புத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண சைக்கிளில் ஒரு பெடல் மேல் ஏறி நின்று மிதித்தால் செயினில் விழும் இழுப்பு சுமார் 115 கிலோ. பெடலைத் தாங்கும் கம்பியின் நீளம், செயின் ஓடும் பல்சக்கரத்தின் ஆரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் எடையும் அப்படிப் பெருகுகிறது. ஆனால் ஒரு நல்ல சைக்கிள் செயின் அறுவதற்கு 800 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். ஆகவே தகடு நீள வழியே இல்லை. அப்படியானால் அந்த லூஸ் எங்கிருந்து வருகிறது?

மூட்டுகளிலிருந்து வருகிறது. ஒரு சைக்கிள் செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு கண்ணி அகலம் குறைந்தது, அடுத்தது கொஞ்சம் அகலமானது என்று மாறி மாறி வரும். அகலக் கண்ணியின் இரண்டு தகடுகளையும் ‘பின்’ என்ற சின்னக் கம்பி இணைக்கிறது. குறுகிய கண்ணியில் அந்தப் பின்னைச் சுற்றி ‘புஷ்’ என்ற சின்னக் குழாய். அந்தப் புஷ்ஷுக்கு மேலே சுழலும் உருளைதான் ரோலர். பல்லில் போய் உட்காருவது இந்த ரோலர்தான். 112 கண்ணி உள்ள செயினில் தகடுகள் 224, பின் 112, புஷ் 112, ரோலர் 112. மொத்தம் 560 துண்டுகள். இத்தனையும் ஒரே அளவில், ஒரே கடினத்தில் இருந்தாக வேண்டும்.

செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் ஒரு முறை மடங்குகிறது. இறங்கும்போது நிமிர்கிறது. அந்த ஒவ்வொரு மடிப்பிலும் பின், புஷ்ஷுக்குள் உரசுகிறது. சைக்கிள் செயினின் கண்ணி இடைவெளி அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் தேய்வது 0.06 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம், என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் 112 மூட்டுகளிலும் அதே தேய்மானம் சேர்ந்தால் ஏழு மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். நாம் செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் 112 இடங்களில் ஒவ்வொரு முடியளவு இரும்பு மாவாகக் கரைந்து போயிருக்கிறது.

இதை அளந்து பார்க்க ஒரு ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் 24 கண்ணி சரியாக 12 இன்ச் வர வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். இருபத்துநான்காவது கண்ணியின் பின், 12 இன்ச் கோட்டைத் தாண்டி பதினாறில் ஒரு இன்ச் போயிருந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது. எட்டில் ஒரு இன்ச் போயிருந்தால் பல்லும் சேர்ந்து கெட்டிருக்கும்.

பல் ஏன் கெடுகிறது? பல்லுக்குப் பல் உள்ள தூரம் புதுச் செயினின் கண்ணி அளவுக்கே வெட்டப்பட்டது. செயின் தேய்ந்து கண்ணிகளுக்கிடையே தூரம் கூடியதும் ரோலர் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல்பக்கம் ஏறி நிற்கும். அங்கே நின்று இழுக்க இழுக்கப் பல்லின் ஒரு பக்கம் குழிந்து, நுனி ஒரு திசையில் வளைந்து கொக்கியாகிவிடும். மெக்கானிக் சொன்ன சுறா முள் இதுதான். காசிமேட்டுக்காரருக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் விளக்கியிருக்க முடியாது.

இனி அந்த வண்டிக்காரர் செய்ததைப் பாருங்கள். செயின் பழசானதும் புதுச் செயின் போட்டார், பல்சக்கரங்களை மாற்றவில்லை. புதுச் செயினின் கண்ணி அளவு சரியானது. பழைய பல்லோ தேய்ந்த செயினுக்கு ஏற்றபடி மாறிப்போனது. இரண்டும் பொருந்தவில்லை. நாலைந்து பல் பகிர்ந்து சுமக்க வேண்டிய பாரத்தை ஒன்றிரண்டு பல்லே தாங்கும். ஒவ்வொரு ரோலரும் அந்தக் கொக்கியில் ஏறி வழுக்கி இறங்கும். மூன்று மாதம் தாங்கியதே பெரிது. நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே செயின் கழன்று நின்றேன். அன்றிலிருந்து செயின், முன் பல், பின் பல் மூன்றையும் சேர்த்தேதான் மாற்றுகிறேன்.

ஏன் செயின்? வேறு வழி இல்லையா? இருக்கிறது. பழைய நெசவாலைகளில் கூரைக்குக் கீழே நீளமான ஒரு தண்டு ஓடும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு தறியையும் சுற்றும். பட்டைக்குப் பிடிமானம் உராய்வு மட்டும்தான். பாரம் கூடினால் வழுக்கும், மழைக்காலத்தில் ஈரத்தால் தளரும். கியரோடு கியர் சேர்த்தால் வழுக்காது; ஆனால் இரண்டும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டடி தள்ளி இருக்கும் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. செயின் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பட்டை மாதிரி தூரம் போகும், கியர் மாதிரி வழுக்காது. இவ்வளவையும் செய்துவிட்டு வாங்கிய சக்தியை ஏறக்குறைய அப்படியே கொடுத்தும் விடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1999-ல் சைக்கிள் செயினை அளந்து பார்த்தபோது, நல்ல நிலையில் 98.6 விழுக்காடு சக்தி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. பல்சக்கரம் பெரிதாக இருந்தால் இழப்பு குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது. இதை நினைவில் வையுங்கள், மீன்பாடி வண்டிக்குத் திரும்பும்போது வேண்டும்.

செயினை நினைத்துப் பார்த்தவர்கள் பழங்காலத்திலேயே உண்டு. சீனாவில் சூ சோங் 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பிய கடிகாரக் கோபுரத்தில் செயின் ஓடியது. லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இன்றைய செயினைப் போன்ற படங்கள் இருக்கின்றன. ஆனால் வரைவது ஒன்று, ஒரே அளவில் ஆயிரக்கணக்கான பின்னும் புஷ்ஷும் செய்து குவிப்பது இன்னொன்று. அதற்கு நல்ல எஃகும் இயந்திரப் பட்டறையும் வரவேண்டியிருந்தது.

அது நடந்தது மான்செஸ்டரில், நெசவு இயந்திரங்களின் ஊரில். சுவிட்சர்லாந்தில் பிறந்து அங்கே குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட், ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவரின் சின்னச் செயின் பட்டறையை 1879-ல் வாங்கினார். ஸ்லேட்டர் 1864-லேயே ரோலர் வைத்த செயினுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். அதில் ஒரு குறை. பின்னைத் தாங்கியது மெல்லிய தகடுகளின் ஓரம் மட்டும்தான். அத்தனை பாரமும் அந்த ஓரத்தில் விழுந்து பின்னைச் சீக்கிரம் அறுத்தது. ரெனால்ட் உள்தகடுகளுக்கு நடுவே ஒரு குழாயை, அதாவது புஷ்ஷை, வைத்தார். பாரம் பின்னின் நீளம் முழுக்கப் பரவியது, தேய்மானம் குறைந்தது. 1880-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று ராயபுரத்தில் எந்த சைக்கிள் கடையில் தொங்கும் செயினும் அடிப்படையில் அதே அமைப்புதான். 140 வருடத்துக்கு மேல் ஆகியும் பெரிதாகத் திருத்த எதுவும் இல்லாமல் நிற்கும் ஒரு சின்னக் குழாய். எனக்கு இதில் உண்மையான மரியாதை உண்டு.

அந்தச் செயின் வந்த பிறகு சைக்கிளே வேறு உருவம் எடுத்தது. அதற்கு முன்னால் பெடல் நேராக முன்சக்கரத்திலேயே இருந்தது. ஒரு மிதிக்கு சக்கரம் ஒரே சுற்று. வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. அதனால்தான் பழைய படங்களில் ஆள் உயரச் சக்கரத்தின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், விழுந்தால் தலைகுப்புறத்தான். 1885-ல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயின் வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். பல் கணக்கு வந்ததும் சக்கரம் சிறியதாகிவிட்டது. என் அப்பா எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வந்த சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18. ஒரு மிதிக்குப் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. 28 இன்ச் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர். செயின் இல்லாமல் அந்த ஐந்தரை மீட்டர் வேண்டுமென்றால் அப்பா ஆறடி விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

1903 டிசம்பரில் ரைட் சகோதரர்கள் பறந்ததும் செயினால்தான். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். ஒரே என்ஜினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் செயினால் சக்தியைக் கொண்டுபோனார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை மட்டும் எட்டு வடிவில் குறுக்காகப் போட்டார்கள். அந்தச் செயினைக் கொடுத்தது இண்டியானாபோலிஸ் நகரத்து டயமண்ட் நிறுவனம். நம் அம்பத்தூர் டிஐ டயமண்ட் செயினின் பெயரில் இருக்கும் டயமண்ட் அதுவேதான். அவர்களோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஆலை அது.

திருவொற்றியூருக்கு வருவோம். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை அங்கேதான். அங்கிருந்து வந்த பழைய புல்லட் பைக், செயினைப் பற்றி ஒரு நல்ல பாடம் சொல்கிறது. அதில் இரண்டு செயின் உண்டு. என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போவது ஒன்று. அது இரட்டை வரிசைச் செயின், மூடிய பெட்டிக்குள் ஆயிலில் நனைந்தபடி ஓடும். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போவது இன்னொன்று, வெளியே வெயிலிலும் மண்ணிலும் கிடக்கும். இரண்டும் எஃகுதான், இரண்டையும் இழுப்பதும் அதே என்ஜின்தான். உள்ளே இருப்பது வருடக்கணக்கில் பேசாமல் ஓடும். வெளியே இருப்பதைத்தான் அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்போம். பெரிய வித்தியாசம் ஆயிலும் மண்ணும்தான்.

நம் பக்கத்தில் அந்த மண் கொஞ்சநஞ்சமில்லை. காசிமேட்டில் உப்புக்காற்று, உப்புத்தண்ணீர், கடற்கரை மணல். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல். நாம் என்ன செய்கிறோம்? செயின் சத்தம் போட்டால் மேலே கிரீஸை அப்புகிறோம், இல்லையென்றால் என்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றுகிறோம். கிரீஸ் வெளியே நின்று மணலைப் பிடித்துவைக்கும். மணலும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். கறுப்பு ஆயிலில் என்ஜின் தேய்ந்த இரும்புத் தூள் ஏற்கெனவே கலந்திருக்கிறது. எண்ணெய் போய்ச்சேர வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கிற முடியளவு சந்து. அங்கே மெல்லிய ஆயில்தான் இறங்கும்.

அதனால் முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து அழுக்கை எடுங்கள், துணியால் துடையுங்கள். வண்டி ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்கம் ஓடும் வரிசையின் உள்பக்கத்தில், சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, ரோலருக்கும் தகடுக்கும் நடுவே சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுற்றும்போது ஆயில் வெளிநோக்கித் தள்ளப்படும் என்பதால் உள்பக்கம் விட்டால் மூட்டுக்குள் போகும். பத்து நிமிஷம் கழித்து வெளியே வழிந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். வெளித்தகடு பளபளவென்று ஈரமாக இருக்கவே கூடாது. இப்போது வரும் பல பைக்குகளில் மூட்டுக்கு மூட்டு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது, உள்ளே கிரீஸை அடைத்து மூடியிருப்பார்கள். அதில் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் படக்கூடாது. வளையம் போய்விட்டால் செயினும் போய்விடும்.

லூஸ் பற்றியும் ஒரு வார்த்தை. செயினை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பைக்கில் பின்சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் மாறும். அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் செயினோடு கியர்பாக்ஸ் பேரிங்கும் அடிவாங்கும். பெரும்பாலான பைக்குகளில் நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், எங்கே இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளந்துதான் சரிசெய்ய வேண்டும்.

சைக்கிளிலும் சின்ன பைக்குகளிலும் செயினை இணைக்கும் லாக்கைக் கவனித்திருக்கிறீர்களா? மீன் வடிவில் இருக்கும். ஒரு பக்கம் தலை மாதிரி மூடியிருக்கும், மறுபக்கம் வால் மாதிரி பிளந்திருக்கும். செயின் ஓடும் திசையைப் பார்த்து மீனின் தலை இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏதாவது தட்டும்போது வால்பக்கம் மாட்டி லாக் பிதுங்கிக்கொள்ளும், செயின் கீழே விழும். எங்கள் மெக்கானிக் புதுப் பையன்களுக்குச் சொல்வது, “மீன் பின்னாடி நீந்தாதுடா.”

அப்புறம் மெக்கானிக் அந்த மீன்பாடி வண்டியின் பல்லை எண்ணினார். முன்னே 11, பின்னே 36. ஐஸ் பெட்டியோடு பாரம் ஏற்ற இழுவை வேண்டும் என்பதற்காக முன்பல்லைச் சின்னதாக்கியிருந்தார் வண்டிக்காரர். இழுவை கிடைத்தது உண்மைதான். விலை எங்கே போனது என்றால் செயினுக்கு. 11 பல் சக்கரத்தில் ஏறும் ஒவ்வொரு மூட்டும் 33 டிகிரி மடங்க வேண்டும். 17 பல் என்றால் 21 டிகிரிதான். மடிப்பு கூடினால் உரசல் கூடும். அது மட்டுமில்லை. பல்சக்கரம் கண்ணுக்கு வட்டம். செயினுக்கு அது பலகோணம். கண்ணிகள் வளையாது, அதனால் ஒவ்வொரு பல்லிலும் செயின் கொஞ்சம் ஏறி இறங்கி, வேகம் கூடிக் குறைந்துதான் ஓடும். 11 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு நான்கு பங்கு. 17 பல்லில் இரண்டுக்கும் கீழே வந்துவிடும். சின்ன முன்பல் போட்ட வண்டியில் கைக்குத் தெரியும் அந்த நடுக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. முன்னே 14, பின்னே 46 போட்டால் இழுவைக் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். 36-ஐ 11-ஆல் வகுத்தாலும் 46-ஐ 14-ஆல் வகுத்தாலும் 3.3-க்குப் பக்கத்தில் வரும். ஆனால் மடிப்பு 33-லிருந்து 26 டிகிரிக்கு இறங்கும். முன் பல்சக்கரத்தின் ஆரம் கூடுவதால் அதே என்ஜின் செயினை இழுக்கும் விசையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். எப்படியும் மாற்ற வேண்டிய பல்சக்கரங்களைத் தவிர, செயின் ஏழெட்டுக் கண்ணி கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அதிலும் மொத்தக் கண்ணி இரட்டைப்படையில் வர வேண்டும். அகலக் கண்ணியும் குறுகிய கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒற்றைப்படையில் நேராக இணைக்க முடியாது.

வண்டிக்காரர் யோசித்தார். 46 பல் பின்சக்கரம் கடையில் கிடைக்காது, லேத் பட்டறையில் வெட்டித்தான் வாங்க வேண்டும். மூன்று நாள் வண்டி ஓடாது. “மூணு நாள் மீன் ஏத்தலன்னா வூட்ல இன்னா சொல்றது?” என்றார். மெக்கானிக் பழைய பல்லைக் கழற்றி அவர் கையில் வைத்தார். கொக்கியாக வளைந்த பல்லின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தவர், விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு கூர்.

பட்டறைக்கு அளவு எழுதிக் கொடுத்தார்கள். 46 பல், அரை இன்ச் கண்ணி, நடு ஓட்டை பழைய சக்கரத்தில் இருந்தபடியே. புதுச் செயின் வந்ததும் 24 கண்ணியை ஸ்கேலில் வைத்து அளந்து, 12 இன்ச் என்று தேதியோடு கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார் மெக்கானிக். மூன்று மாதம் கழித்து வந்து மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார்.